சுருட்டுப் பிடித்த நிழல்

எங்கள் வேலிக்கு வெளியே, ஒழுங்கையில் ஒரு கதிரை. அதில் ஒரு கிழவர் இருக்கிறார். அந்தப் புழுக்கத்திலும் கோட்டுப் போட்டிருக்கிறார். கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றி, அதன் மேல் நாடியை வைத்துக்கொண்டு எங்கள் முன்னறை யன்னலையே பார்க்கிறார்.

பொழுது பட்டுவிட்டது. எங்கோ மாட்டைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள், கழுத்து மணி கேட்கிறது. கிழவருக்குப் பக்கத்தில் பொட்டில்லாத நெற்றியோடு ஓர் அம்மா நிற்கிறார். கலியாணம் பேசுகிற பொன்னையா அண்ணை சால்வையால் நுளம்பு விரட்டிக்கொண்டு நிற்கிறார்.

யன்னலுக்கு உள்ளே நானும் தவமணியும். தவமணி என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள். யன்னலில் இவருடைய வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியிருக்கிறோம். பின்னால் விளக்கு எரிகிறது.

"தொடங்குங்கோ மச்சாள். அவை பாத்துக்கொண்டிருக்கினம்" என்று தவம் என் காதுக்குள் சொல்கிறாள்.

நாலு பேருக்கு முன்னால் தண்ணீர் கேட்டுக் குடிக்கவே கூசுகிறவள் நான். ஆனால் அன்றைக்கு நான் வாய் திறக்காவிட்டால் தவத்தின் கலியாணம் நின்றுவிடும்.

ஏன் அப்படி என்று சொல்வதானால் வேலியிலிருந்து தொடங்கவேண்டும்.

அடைக்காத வேலி

புத்தூரில் எங்கள் வீட்டு வேலியை ஒவ்வொரு வருசமும் என் கணவர்தான் அடைப்பார். தென்னோலைக் கிடுகு கட்டுவதற்குக் கூலிக்கு ஆள் பிடிக்கமாட்டார். மற்றவன் கட்டினால் நாய் நுழையும் என்பார்.

வடக்குப் பக்கத்துச் சனமெல்லாம் வீடு வாசலை விட்டு எழும்பி வந்த காலத்தில்தான் தவம் எங்களிடம் வந்தாள். ஒரு பை, ஒரு தையல் மெசின். தாய் தகப்பன் இல்லை. சீதனத்துக்கு என்று இருந்த வீடும் தோட்டமும் அந்தப் பக்கம் ஆமியிடம் அகப்பட்டுப் போயின. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இவருக்குத் தவம்தான் பிள்ளை மாதிரி.

"ஒரு ரெண்டு வருசம் வெளிநாட்டிலை நிண்டு உழைச்சுக்கொண்டு வாறன். உவளை ஒரு இடத்திலை குடுத்துப்போட்டால் எனக்குப் போதும்" என்றார். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. சோறு கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்.

வவுனியாவில் அவர் பஸ் ஏறியதைக் கண்டவர்கள் உண்டு. இறங்கியதைக் கண்டவர்கள் ஒருவருமில்லை. கொழும்பில் அவர் போய் நிற்கவேண்டிய வீட்டுக்காரர், ஆள் வரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அந்த வருசம் வேலி அடைக்கவில்லை. அடுத்த வருசமும் இல்லை. கிடுகு உக்கி விழுந்து, வேலிக்கு நட்ட கதியால்கள் மட்டும் நின்றன. ஒழுங்கையால் சைக்கிளில் போகிறவனுக்கு எங்கள் முன்னறை யன்னல் அப்படியே தெரியும். வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும் என்பதும் தெரியும்.

அப்போது கள்ளர் பயம். பக்கத்து ஒழுங்கையில் தண்ணி இறைக்கிற மெசினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தடுக்கப் போன மனிசிக்குக் கை முறிந்தது. நாங்கள் இருவரும் கதவுக்குப் பின்னால் உலக்கையைச் சாத்திவிட்டுப் படுப்போம். உலக்கையைத் தூக்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

போத்தல் விளக்கு

இளம் ஆட்களுக்கு இதையும் சொல்லவேண்டும். கரண்ட் இல்லாத வருசங்கள் அவை. மண்ணெண்ணெய் மருந்து மாதிரி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, பஞ்சு நனையக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு சின்னக் குழாயால் திரியைக் கொண்டுவந்து கொளுத்துவோம். சுண்டுவிரல் நகம் அளவு வெளிச்சம். அதற்குள் சமையல், படிப்பு, தையல், அழுகை எல்லாம்.

வெளிச்சம் சின்னதென்றால் நிழல் பெரிது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம் நான் முன்னறைக்குள் வந்தேன். சுவரில் ஓர் ஆம்பிளை நிற்கிறான். நான் கத்தவில்லை, அப்படியே குந்திவிட்டேன். பின்னால் வந்த தவம் கத்தினாள்.

பார்த்தால், கொடியில் கிடந்த இவருடைய சேட்டு. காற்றில் தோள் ஆடுகிறது.

தவம் முதலில் சிரித்தாள். பிறகு யோசித்தாள்.

"மச்சாள், எங்களைப் பயப்படுத்தினது கள்ளனைப் பயப்படுத்தாதோ?"

இப்படித்தான் அந்தக் கூத்துத் தொடங்கியது.

மூக்குச் சண்டை

கூட்டுறவுச் சங்கக்கடையில் விசுக்கோத்து வந்த பெரிய காட்போட் பெட்டி ஒன்று கேட்டு வாங்கினோம். அதில் ஓர் ஆளைப் பக்கவாட்டில் வெட்டுவது என்று தவம் கத்தரிக்கோலை எடுத்தாள். தலை, கழுத்து, தோள், மார்பு. கதிரையில் இருக்கிற ஆளுக்கு அது போதும்.

மூக்கில்தான் சண்டை வந்தது.

"அண்ணைக்கு மூக்கு நேர்" என்றாள் தவம்.

"இல்லை, நடுவிலை ஒரு சின்ன மேடு."

"நான் பிறந்த நாள்முதல் பாத்த மூக்கு மச்சாள்."

"நீ எதிரை நிண்டு பாத்தனி. நான் பக்கத்திலை படுத்துப் பாத்தனான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தவம் மூக்கின் நடுவில் ஒரு சின்ன மேடு வைத்து வெட்டியிருந்தாள்.

சின்ன வயதில் ஒரு கோயில் திருவிழாவில், எங்கிருந்தோ வந்தவர்கள் தோல் பொம்மைகளை வைத்து நிழலாட்டம் காட்டினார்கள். ஒரு ராணி அழுதாள். எல்லாப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். நான் மெல்லப் போய்த் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கறுத்த மீசைக்காரர் ஒருவர் சப்பாணி கட்டி இருந்து, வெற்றிலையை ஒரு கொடுப்பில் ஒதுக்கிவிட்டு ராணியின் குரலில் அழுதுகொண்டிருந்தார். அவருடைய கண்ணிலும் தண்ணீர் நின்றது. அதை நான் வீட்டில் சொல்ல, ஒருவரும் நம்பவில்லை.

எங்களுக்கு அவ்வளவு வித்தை தெரியாது. முதல்நாள் விளக்குக்குக் கிட்டப் பிடித்ததில் இவர் கூரைவரை வளர்ந்து பூதமாகிவிட்டார். பிறகு கண்டுபிடித்தோம்: ஆள் வேட்டிக்குக் கிட்ட இருக்கவேண்டும், விளக்கு தள்ளி இருக்கவேண்டும். கையைத் தனியாக வெட்டி நூலால் பொருத்தி, ஈர்க்கு ஒன்றைக் கட்டிவிட்டோம். ஈர்க்கை உயர்த்தினால் கை முகத்துக்குப் போகும்.

"வெறுங் கையை எதுக்கு முகத்துக்குக் கொண்டுபோறது? ஆம்பிளை எண்டால் ஒரு சுருட்டாவது வேணும்" என்று தவம் காய்ந்த பூவரசங் குச்சி ஒன்றைக் கையில் ஒட்டிவிட்டாள்.

நல்லாய்த்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒழுங்கைக்கு ஓடிப்போய் நின்று பார்த்தோம். இவர் சாவகாசமாக இருக்கிறார், கதிரையில்.

இஞ்சாருங்கோ

நிழல் மட்டும் போதாது, வீட்டில் ஆம்பிளைக் கதை கேட்கவேண்டும் என்றாள் தவம். தமையனைப் போலச் செருமுவதற்கு அவளுக்கு வரும். கதைக்கவேண்டியது நான்.

"இஞ்சாருங்கோ, சாப்பிட வாங்கோவன்" என்று ஒழுங்கைக்குக் கேட்கச் சொல்லவேண்டும். முதல் நாட்களில் குரல் வெளியே வரவில்லை. தவம் கிள்ளினாள். பிறகு வந்தது.

"இஞ்சாருங்கோ, வெங்காயத்துக்கு நாளைக்கு இறைக்கவேணுமெல்லோ?"

தவம் செருமுவாள்.

"இஞ்சாருங்கோ, சேட்டுக்குப் பொத்தான் இல்லை. கழட்டித் தாங்கோ."

தவம் செருமுவாள்.

கலியாணம் கட்டிப் பதினைந்து வருசத்துக்கு மேல். அவரோடு நான் இவ்வளவு கதைத்ததில்லை. அவர் சொல்வார், நான் செய்வேன். கோபமும் இல்லை, குறையும் இல்லை, கதையும் இல்லை. இப்போது அந்தக் காட்போட் முதுகைப் பார்த்துக்கொண்டு என்னவெல்லாமோ சொன்னேன். தண்ணீர் வற்றுகிறது என்றேன். முட்டு வருத்தம் திரும்பி வந்துவிட்டது, இரவில் மூச்சு இழுக்கிறது என்றேன். ஒருநாள், "ஏன் எனக்கு எந்த நாடு எண்டு சொல்லேல்லை?" என்று கேட்டுவிட்டேன். அது ஒழுங்கைக்குக் கேட்கிற குரலில் இல்லை.

தவம் அன்றைக்குச் செருமவில்லை. ஈர்க்கை மெல்லக் கீழே வைத்துவிட்டாள்.

வானத்தில் ஆமி ஹெலியின் இரைச்சல் கேட்டால், வெளிச்சத்துக்குச் சுடுவார்கள் என்று விளக்கை ஊதி அணைக்கவேண்டும். அவரும் போய்விடுவார். இரைச்சல் அடங்கி விளக்கைக் கொளுத்துகிறவரை நாங்கள் இரண்டு பேரும் இருட்டுக்குள் பேசாமல் இருப்போம்.

கள்ளர் வரவில்லை. வேறொன்று வந்தது.

சுருட்டு

பொன்னையா அண்ணை தவத்துக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தார். மாப்பிள்ளை மானிப்பாயில், சங்கக்கடை மனேச்சர். சீதனம் கேட்கவில்லை, வடிவாய்த் தைக்கிற பிள்ளை என்பதே போதும் என்றார்களாம். தவத்துக்கு முப்பத்துமூன்று வயது. இன்னொன்று வரும் என்று நினைக்க முடியாது.

ஒருநாள் மத்தியானம் அண்ணை வந்தார். வழமையாய்ப் படலையைத் திறக்கும்போதே பகிடி விட்டுச் சிரிக்கிறவர், அன்றைக்குப் பேசாமல் சைக்கிளைச் சாத்தினார். தேத்தண்ணியும் வேண்டாம் என்றார்.

"பிள்ளையள், ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்பிடாது. பின்னேரங்களிலை இஞ்சை ஆர் வாறது?"

"ஒருத்தரும் வாறேல்லை அண்ணை" என்றாள் தவம்.

"சுருட்டுப் பத்துற ஆளாம். ஊரே கண்டிருக்குது."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"உங்கடை மனுசன் வந்திட்டார் எண்டுதான் முதலிலை சனம் நினைச்சது" என்று அண்ணை என்னைப் பார்த்தார். "பேந்துதான், அந்த மனுசன் சீவியத்திலை சுருட்டைத் தொட்டதில்லையே எண்டு ஆரோ சொல்லியிருக்கினம். அப்ப இது வேறை ஆள். வேலி வேறை இல்லை. கதை மானிப்பாய்க்குப் போட்டுது."

உண்மைதான். புகையிலைத் தோட்டக்காரரின் மகனாய்ப் பிறந்தும் இவர் சுருட்டைத் தொட்டதில்லை. புகையிலை மணமே எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதற்காக வெற்றிலைக்குக்கூடப் புகையிலை வைத்ததில்லை. மூக்குக்குச் சண்டை பிடித்த நாங்கள் இரண்டு பேரும் அதை யோசிக்கவில்லை.

தவம் எழும்பிப் போய்க் காட்போட் ஆளைக் கொண்டுவந்து அண்ணையின் மடியில் வைத்தாள். அவர் ஈர்க்கைப் பிடித்து உயர்த்தினார். சுருட்டு வாய்க்குப் போனது. அவருக்குச் சிரிப்பு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டார்.

"நான் சொன்னால் ஆர் நம்புறது? புறோக்கரின்ரை வாய். அவையே வந்து பாக்கட்டும்."

மலாயாப் பெரியப்பா

அப்படித்தான் அந்தக் கதிரை ஒழுங்கைக்கு வந்தது. கோட்டுப் போட்ட கிழவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு ஊருக்கு வந்தவர். பக்கத்தில் நின்றது மாப்பிள்ளையின் தாய். புருசன் செத்துக் கனகாலம்.

வீட்டுக்குள் வந்து இருக்கச் சொன்னோம். பெரியப்பா மாட்டேன் என்றார்.

"உள்ளை வந்து பொம்மையைப் பாத்து என்ன செய்யிறது? சனம் எங்கை நிண்டு கண்டதோ அங்கை நிண்டு நானும் காணவேணும்."

"என்னத்தைக் காணப்போறியள்?" என்றார் தாய். "ரெண்டு பொம்பிளையள் சேர்ந்து நடிச்சிருக்கினம். நாளைக்கு என்ரை வீட்டிலை வந்தும் நடிப்பினம்."

"மலாயாவிலை உப்பிடி ஒரு ஆட்டம் இருக்கு. தோலிலை பொம்மை வெட்டி விளக்குப் பிடிச்சு ஆட்டுவாங்கள். வயாங் எண்டு பேர். பேந்து எங்கடை கந்தோரிலை இங்கிலீசு கதைக்கிற பொடியளும் அந்தச் சொல்லை எடுத்திட்டாங்கள். துரை வாற நேரம் பாத்து ஒருத்தன் பைலைத் திறந்து வைச்சுக்கொண்டு வேர்த்து வேர்த்து எழுதினால், 'உவன் வயாங் காட்டிறான்' எண்டு இங்கிலீசிலை சொல்லுவாங்கள்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"துரைக்கு நடிக்கிறது வேறை. கள்ளனுக்கு நடிக்கிறது வேறை. இரும் பாப்பம்."

நாங்கள் உள்ளே போனோம். தவம் கலியாணப் பேச்சுக்கென்று உடுத்திய சீலையோடு நிலத்தில் இருந்து ஈர்க்கைப் பிடித்தாள். விளக்கைத் தள்ளி வைத்தேன். இவர் வேட்டியில் வந்தார்.

நான் வெங்காயத்தைப் பற்றிச் சொல்வதாகத்தான் இருந்தது. வாயைத் திறக்க வேறொன்று வந்தது.

"இஞ்சாருங்கோ. தவத்தைக் கேட்டு வந்திருக்கினம். நல்ல ஆக்கள். நீங்கள் இருந்து பேசவேண்டிய பேச்சு. எனக்குப் பேசத் தெரியாது. உங்களுக்குச் சம்மதமோ?"

தவம் செருமவேண்டும். அவள் செருமவில்லை. வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். ஈர்க்கு அவள் கையிலிருந்து நழுவிவிட்டது.

வெளியிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது.

"தம்பி, எங்களுக்குச் சம்மதம். நீர் என்ன சொல்லுறீர்?"

நான் குனிந்து ஈர்க்கை எடுத்தேன். நிழலின் கையை மெல்ல உயர்த்தினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு கேள்வி

உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தார்கள். தாய் குடிக்கவில்லை. என்னையும் என் பொட்டையும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"வேறை ஆம்பிளை இல்லை எண்டது விளங்கிட்டுது. நான் ஒண்டைத்தான் கேக்கிறன். பெண்ணின்ரை தமையன் இருக்கிறாரோ, இல்லையோ?"

அந்தக் கேள்வியை ஊரில் யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை.

"இல்லையெண்டால் செத்தவீடு. ஒரு வருசத்துக்குக் கலியாணம் ஏலாது. இந்த நாட்டிலை ஒரு வருசத்திலை ஆர் எங்கை இருப்பமோ தெரியாது. இருக்கிறாரெண்டால் வாற மாசமே வைக்கலாம். நீதான் சொல்லவேணும் பிள்ளை."

அவர் இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். எந்த நாள் தெரிந்தது என்று சொல்லமாட்டேன். நிழலின் முதுகோடு கதைத்துக் கதைத்துத்தான் தெரிந்தது. ஆனால் அவர் புறப்பட்டுப் போனதே தவத்துக்காக. இல்லை என்ற சொல்லை நான் அந்த இடத்தில் சொன்னால் அவர் போனதும் வீண்.

பெரியப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதென்ன கேள்வி? இப்பதானே அவரோடை கதைச்சனாங்கள்."

பொன்னையா அண்ணை ஓமோம் என்றார். தாய் ஒரு நிமிசம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியை எடுத்தார்.

ஆலாத்தி

மானிப்பாய்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில் கலியாணம். பகல் முகூர்த்தம். ஒரு தவில், ஒரு நாதஸ்வரம். சனம் அதிகமில்லை. தமையனின் இடத்தில் தூரத்து முறையில் ஒரு தம்பி மாப்பிள்ளைக்குத் தோழனாய் நின்றான். "அண்ணையாலை வர ஏலாமல் போச்சுது" என்று ஆளுக்காள் சொன்னார்கள். எங்களூர்ச் சனமும் சொன்னது, மானிப்பாய்ச் சனமும் சொன்னது. ஒருவர் முகத்திலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பாதைச் சிக்கல் என்றார் ஒருவர். லீவு கிடைக்கவில்லை என்றார் இன்னொருவர். இத்தனை பேரும் ஒருவரை ஒருவர் கேளாமலே சேர்ந்து நடித்தார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் ஆலாத்திக்குக் கூப்பிட்டார்கள். தட்டில் வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்திக் கொளுத்தி, சுமங்கலிகள் இரண்டு பேர் எதிரெதிராய் நின்று தூக்கி இறக்கவேண்டும். பெண் பக்கத்துக்கு நான்.

நான் மடப்பள்ளிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். இவ்வளவும் செய்தேன், இது மட்டும் என்னால் ஏலாது என்று இருந்தது. தவத்தின் தலைக்கு மேலே நான் பிடிக்கிற விளக்கு அவளுக்குக் கேடாய்ப் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் பிழையோ சரியோ, நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள்.

மாப்பிள்ளையின் தாய்தான் தேடி வந்தார். மகனின் கலியாணத்தில் அவர் பின்னுக்கு, தூணுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். மணவறைப் பக்கம் வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சீலை.

"என்ன இஞ்சை நிக்கிறாய்? கூப்பிடுகினம்."

"வேறை ஆரையும் விடுங்கோ மாமி. எனக்கு ஏலாது."

"நீ நில்லாட்டில் ஏனெண்டு சனம் கேக்கும். பேந்து இவ்வளவும் என்னத்துக்கு?"

அவர் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்குத்தான் ஏலாது, பிள்ளை. என்ரை பிள்ளைக்கு என்னாலை ஏலாது. உனக்கு ஏலும். போ."

போனேன். தட்டைப் பிடித்தேன். திரிச்சுடரின் அனல் முகத்தில் அடித்தது. தவம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் அவளுடைய நெற்றிக்கு மேலே பார்த்தேன். தூக்கினோம், இறக்கினோம். ஒன்றும் அணையவில்லை.

பிறகு எல்லோரும் அறுகரிசி போட்டு வாழ்த்த முன்னுக்கு நெருங்கினார்கள். மணப்பெண்ணின் மச்சாளுக்கு மணவறைக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள். நான் அங்கே போகவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு பின்னுக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. சீலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டார்.